இல்ஹாக்: கறுப்புக் கடிதங்களும் ஓர் உம்மாவின் காத்திருப்பும்

உஸ்பெக் மொழியில் ‘இல்ஹாக்’ என்றொரு சொல் உண்டு. ஏங்கிக் காத்திருத்தல், வழிமேல் விழிவைத்துத் தவித்திருத்தல் என்று அதனை விளக்கலாம். வருவார் என்ற நம்பிக்கையும் வரவில்லையே என்ற வாதையும் ஒன்றாகப் பிணைந்த நிலை அது. நெறியாளர் ஜஹோங்கிர் அஹ்மதோவ் 2020இல் வெளியிட்ட தமது திரைப்படத்துக்கு இந்த ஒற்றைச் சொல்லையே தலைப்பாக வைத்தார். தாஷ்கந்துக்கு அருகேயுள்ள ஸங்கி அத்தா மாவட்டத்தின் கானாபாத் கிராமத்தில் வாழ்ந்த ஸுல்பியா ஸாகிரோவா என்ற தாயின் கதை அது. இரண்டாம் உலக யுத்தத்துக்குத் தன் ஐந்து ஆண்மக்களையும் அனுப்பினாள் அவள். ஐவரில் ஒருவர் கூடத் திரும்பவில்லை. தாயாக நடித்தவர் தில்ஓராம் கரீமோவா.

அப்படத்தை உபதலைப்புகளின் துணையோடுதான் நான் பார்த்தேன். மொழி புரியாத ஒருவனுக்கு நடிப்பின் நுட்பங்களில் பாதி தப்பிப்போகும். ஆகவே விமர்சனம் எழுதுவது என் நோக்கமன்று. படம் முடிந்த பின்னரும் அந்தத் தாய் என்னை விடவில்லை. அவள் எந்த உலகத்தில் இருந்து காத்திருந்தாள், அந்தக் காத்திருப்பை அன்றைய அரசும் பின்வந்த அரசுகளும் என்ன செய்தன என்று தேடி வாசிக்கத் தொடங்கினேன். அந்த வாசிப்பின் விளைவே இக்கட்டுரை.

உஸ்பெக் மக்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. இன்றும் சில வீடுகளில் இருக்கிறது. மகன் படைக்கோ நெடுந்தூரப் பயணத்துக்கோ புறப்படும்போது, தந்தூர் அடுப்பில் சுட்ட வட்ட ரொட்டியை அவனிடம் நீட்டுவார்கள். அவன் அதில் ஒரே ஒரு கடி கடிப்பான். மீதி ரொட்டியைச் சுவரில் ஆணியடித்துத் தொங்கவிடுவார்கள், அல்லது துணியில் சுற்றி உயரமான இடத்தில் வைப்பார்கள். அந்த ரொட்டி எளிதில் கெடாது. காய்ந்து இறுகிக் கிடக்கும். அவன் திரும்பி வந்து மீதியை உண்ண வேண்டும். அவனுடைய ரிஸ்க் இந்த வீட்டில் இன்னும் பாக்கியிருக்கிறது, ஆகவே வந்தே தீருவான் என்பது அதன் தாத்பரியம். ரொட்டியைக் கவிழ்த்து வைப்பதையும் மிதிப்பதையும் பாவமென்று கருதும் சமூகம் அது. சிந்திய சோற்றுப் பருக்கையை மிதிக்காதே என்று அதட்டி வளர்த்த நமது உம்மும்மாக்களுக்கு இது விளங்காத விடயமன்று. 1941க்குப் பிறகு உஸ்பெக் கிராமங்களின் சுவர்களில் எத்தனை ஆயிரம் ரொட்டிகள் பல்லின் தடத்தோடு தொங்கியிருக்கும்!

எண்ணிக்கையைச் சற்றுப் பார்ப்போம். யுத்தம் தொடங்கியபோது உஸ்பெகிஸ்தானின் சனத்தொகை சுமார் 65 இலட்சம். சோவியத் காலத்தில் ஏறத்தாழ 15 இலட்சம் பேர் படைக்குச் சென்றதாகச் சொல்லப்பட்டு வந்தது. யுத்தம் முடிந்த 75ஆம் ஆண்டையொட்டி 2020இல் வெளியிடப்பட்ட திருத்திய கணக்கு அத்தொகையை 19 இலட்சத்துக்கும் மேல் என்கிறது. அதில் மரணித்தோர் 5 இலட்சத்து 38 ஆயிரம். காணாமற் போனோர் 1 இலட்சத்து 58 ஆயிரம். முதியவர்களையும் பெண்களையும் பிள்ளைகளையும் கழித்துப் பார்த்தால், கிராமங்களில் வேலைசெய்யும் வயதுடைய ஆண்கள் அநேகமாக எஞ்சவில்லை என்றே கொள்ளவேண்டும். படைக்கு எடுக்கப்படாதவர்களிலும் பலர் ‘தொழிற்படை’ என்ற பெயரில் யூரல் பகுதிக்கும் சைபீரியாவுக்கும் தொழிற்சாலை வேலைக்கும் கட்டுமான வேலைக்கும் அனுப்பப்பட்டார்கள். வெயிலில் பிறந்து பருத்திக் காட்டில் வளர்ந்தவர்கள் அந்தப் பனியில் நோயுற்று மடிந்தார்கள். போர்வீரர் என்ற பெயர் கூட அவர்களுக்கு வாய்க்கவில்லை.

எஞ்சிய கிராமம் பெண்களின் கிராமம். 1942 ஏப்ரலில் மொஸ்கோ ஓர் ஆணை பிறப்பித்தது. பருத்திப் பிரதேசக் கூட்டுப்பண்ணையாளர் ஒவ்வொருவரும் ஆண்டுக்குக் குறைந்தது 150 வேலைநாள் புள்ளிகள் பெறவேண்டும். 12 முதல் 16 வயதுவரையான பிள்ளைகளுக்கும் 50 புள்ளி கட்டாயம். தவறினால் தண்டனை. பருத்தி போதாதென்று உக்ரேன் ஜேர்மனியர் கையில் வீழ்ந்தபின் சீனிக்கிழங்கும் இந்த வயல்களுக்கு வந்து சேர்ந்தது. 1943இல் ஸிர் தர்யா நதியில் ஃபர்ஹாத் அணைக்கட்டு வேலை தொடங்கியபோது, ‘ஹஷர்’ என்ற பழைய ஊர்ச் சிரமதான முறையின் பெயரால் கூட்டுப்பண்ணை மக்களை மண்வெட்டியோடு திரட்டினார்கள். நகரவாசிக்குப் பங்கீட்டு அட்டை இருந்தது. கூட்டுப்பண்ணைக் குடியானவருக்கு அதுவும் இல்லை. பண்ணை எதைப் பகிர்ந்ததோ அதுதான். பருத்திக்கொட்டையில் எண்ணெய் பிழிந்த பின் எஞ்சும் பிண்ணாக்கை அவர்கள் ‘குஞ்ஜாரா’ என்பார்கள். மாட்டுக்கு வைக்கும் தீனி அது. யுத்தகாலப் பிள்ளைகளாக இருந்த உஸ்பெக் எழுத்தாளர்கள் பலரின் நினைவுகளில் அந்தக் குஞ்ஜாராவின் ருசி திரும்பத் திரும்ப வருகிறது.

இந்தக் கிராமத்துக்குள் வந்துபோகும் மனிதர்களில் எல்லோரும் எதிர்பார்த்தவரும் எல்லோரும் அஞ்சியவரும் ஒருவரே. அவர் தபாற்காரர். அவர் கொண்டுவருவது முக்கோணமாக மடித்த கடிதமாயின் மகன் உயிரோடிருக்கிறான். முத்திரை குத்திய அச்சுத்தாளாயின் அது ‘கொரா ஹத்’, அதாவது கறுப்புக் கடிதம்.

வந்த கடிதத்தை வாசிப்பது யார்? 1920களின் இறுதிவரை உஸ்பெக் மொழி அரபு எழுத்திலேயே எழுதப்பட்டது. பின்பு அதை ஒழித்து இலத்தீன் எழுத்தைக் கொண்டுவந்தார்கள். பள்ளிப் பிள்ளைகள் அதைப் படித்து முடிக்குமுன்னரே, 1940 மே மாதச் சட்டத்தோடு சிரிலிக் எழுத்து வந்தது. பதினைந்து ஆண்டுகளுக்குள் மூன்று எழுத்துகள். பெண்களுக்கு ஓதிக்கொடுக்கும் ‘ஓத்தின்’ எனப்படும் ஆசிரியையிடம் சிறுவயதில் ஓதி, குர்ஆனையும் பழைய கிதாபுகளையும் வாசிக்கத் தெரிந்த ஒரு தாய், அரசின் புள்ளிவிபரத்தில் எழுத்தறிவற்றவள். அரபுத் தமிழில் மாலைகளையும் மஸ்அலா நூல்களையும் சரளமாக வாசித்த நமது பாட்டிமார் சனத்தொகைக் கணக்கெடுப்பில் எந்தப் பத்தியில் சேர்க்கப்பட்டார்கள் என்று யாராவது ஆராய்ந்தால் நல்லது. சொல்ல வந்தது இதுதான்: போர்முனையிலிருந்து மகன் எழுதிய கடிதம் தாய்க்குத் தெரியாத எழுத்தில் வந்தது. இன்னொருவர் வாசித்தே அவள் கேட்க வேண்டியிருந்தது. மகன் மரணித்தான் என்ற செய்தியும் அப்படித்தான். தன் கண்ணால் வாசிக்க முடியாத காகிதத்தை அவள் ஏன் நம்பவேண்டும்?

ஸுல்பியா நம்பவில்லை என்றே அவளது கதை சொல்லப்படுகிறது. கடைசிவரை மக்களை எதிர்பார்த்திருந்தாள். ‘இல்ஹாக்’ படத்தின் உயிர்நாடியும் இந்த மறுப்புத்தான். இதை ஒரு தாயின் பேதைமை என்றோ, புத்தி பேதலித்ததென்றோ எளிதாகக் கடந்துபோகலாம். என்னால் அப்படிப் பார்க்க முடியவில்லை. அதற்குக் காரணம் மார்க்க சம்பந்தமானது.

மத்திய ஆசிய முஸ்லிம்கள் ஹனபி மத்ஹபைச் சேர்ந்தவர்கள். அயலூரில் மௌத்தானவருக்காக நாம் இங்கே தொழும் காயிப் ஜனாஸா ஷாபிஈ மத்ஹபில் உண்டு. ஹனபி மத்ஹபில் இல்லை. மையித் முன்னால் இருக்க வேண்டும். அப்படியானால் போலந்திலோ பெலாரூசிலோ புதைக்கப்பட்ட மகனுக்கு அந்தக் கிராமத்தில் ஜனாஸாத் தொழுகையும் இல்லை. குளிப்பாட்டலும் கபனிடலும் கபுறும் இல்லை. எஞ்சியது ஓதுவதும் சோறு கொடுப்பதும் மாத்திரமே. மூன்றாம் நாள், ஏழாம் நாள், நாற்பதாம் நாள், வருடம் என்று அவர்களும் நம்மைப் போலவே கணக்கு வைத்திருந்தார்கள். அந்தக் கத்தத்தை ஓதுவதென்றால் தாய் ‘என் பிள்ளை மௌத்தாகிவிட்டான்’ என்று தன் வாயால் ஒப்புக்கொள்ள வேண்டும். ஐந்து பிள்ளைகளுக்கு ஐந்து முறை.

காணாமற் போனவர்களின் வீடுகளில் நிலைமை இன்னும் சிக்கலானது. ‘மஃப்கூத்’ பற்றிய சட்டத்தை ஃபிக்ஹு நூல்களில் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஹனபிச் சட்டத்தின்படி, காணாமற்போனவனின் வயதொத்தவர்கள் எல்லோரும் மறையும் வரை அவன் உயிரோடிருப்பவனாகவே கருதப்படுவான். மனைவி அவனது மனைவியே. உமர் (ரழி) அவர்களின் தீர்ப்பைப் பின்பற்றி இமாம் மாலிக் நான்கு ஆண்டு என்றார்கள். இமாம் ஷாபிஈ அவர்களின் முந்திய கூற்றும் நான்கு ஆண்டே. பிந்திய கூற்று, மரணம் உறுதியாகும் வரை என்கிறது. இத்தா இருப்பதா, இன்னும் பொறுப்பதா என்ற கேள்வி நம் நாட்டுப் பெண்களுக்கும் புதியதன்று. ஆனால் உஸ்பெக் பெண் இக்கேள்வியைப் போய்க் கேட்பதற்குக் காழி ஒருவர் இருக்கவில்லை. ஷரீஅத் நீதிமன்றங்கள் 1920களின் இறுதியிலேயே ஒழிக்கப்பட்டுவிட்டன. ஆலிம்களிற் பலர் முப்பதுகளில் சிறைப்பட்டோ சுடப்பட்டோ போனார்கள். பள்ளிவாசல்கள் களஞ்சியங்களாயின. சட்டம் அவளது நெஞ்சில் இருந்தது. அதைச் சொல்லித் தீர்க்க ஆளில்லை.

அரசின் சட்டமோ வேறு முகத்தைக் காட்டியது. 1941 ஓகஸ்ட் 16ஆம் திகதி ஸ்டாலின் பிறப்பித்த 270ஆம் இலக்கக் கட்டளை, எதிரியிடம் சரணடைந்த படைவீரரின் குடும்பத்துக்கு அரச உதவி கிடையாது என்று விதித்தது. காணாமற் போனவன் சரணடைந்திருக்கவும் கூடும் அல்லவா? எனவே ‘காணவில்லை’ என்ற தாள் வந்த வீட்டைச் சந்தேகம் சூழ்ந்தது. கறுப்புக் கடிதம் வந்த வீட்டுக்கு அழவாவது உரிமையிருந்தது. உண்மையில் சிறைப்பட்ட மத்திய ஆசியர்களில் ஒரு பகுதியினரை ஜேர்மனியர் தமது ‘துருக்கிஸ்தான் படையணி’யில் சேர்த்தார்கள். பட்டினியால் சாவதா, எதிரியின் சீருடையை அணிவதா என்பதே பலர் முன்னிருந்த தெரிவு. உயிர் பிழைத்து ஊர் திரும்பியவர்கள் அதைப்பற்றி வாய் திறக்கவில்லை.

1943 ஒக்டோபரில் தாஷ்கந்தில் ஒரு மாநாடு கூடியது. எண்பது வயதைத் தாண்டிய, முன்பு அரசினால் துன்புறுத்தப்பட்ட ஆலிமான ஈஷான் பாபாகான் அவர்களின் தலைமையில், மத்திய ஆசிய மற்றும் கஸகஸ்தான் முஸ்லிம்களின் மார்க்க நிர்வாக சபை உருவாக்கப்பட்டது. ஸ்டாலினுக்கு யுத்தத்தில் முஸ்லிம்களின் மனமொத்த துணை தேவைப்பட்டது. ஆலிம்களுக்குப் பள்ளிவாசல் கதவைத் திறக்க ஒரு சந்தர்ப்பம் தேவைப்பட்டது. வெற்றிக்காக துஆ கேட்கப்பட்டது. 1945இல் ஒரு சிறு குழுவினர் ஹஜ்ஜுக்கும் சென்றுவந்தார்கள். இதைச் சந்தர்ப்பவாதம் என்று பழிப்பவர்கள் உண்டு. நான் அவ்வளவு விரைந்து தீர்ப்புச் சொல்லமாட்டேன். பதினைந்து ஆண்டுகளாகப் பயந்து பயந்து தொழுத ஒரு தாய், போரிலிருக்கும் பிள்ளைக்காகப் பகிரங்கமாகக் கையேந்தலாம் என்றானது சிறிய காரியமா?

அவள் கையேந்தியிருக்கக்கூடிய இடம் ஒன்றும் அருகிலேயே இருந்தது. ஸங்கி அத்தா என்பது மாவட்டத்தின் பெயர் மாத்திரமல்ல. அங்கு அடங்கியிருக்கும் ஸூபிப் பெரியாரின் பெயர். யஸவி தரீக்காவைச் சேர்ந்தவர். மாடு மேய்த்தவர் என்று சொல்வார்கள். அமீர் தைமூர் எழுப்பிய அவரது ஸியாரத்தை அடுத்து, அவரின் துணைவி அன்பர் பீவியின் அடக்கஸ்தலம் உள்ளது. பெண்களும் தாய்மாரும் தம் குறைகளைச் சொல்லும் இடம் அது. கானாபாத் கிராமத்துப் பெண்ணொருத்தியின் கவலையை இந்த ஸியாரத்தை விட்டுவிட்டு எழுத எனக்கு மனம் வரவில்லை.

இனி ஒரு பழைய படத்துக்கு வருகிறேன். ‘இல்ஹாக்’ வருவதற்கு 58 ஆண்டுகளுக்கு முன்னர், 1962இல், ஷுஹ்ரத் அப்பாஸோவ் நெறிப்படுத்திய ‘நீ அநாதையல்ல’ வெளிவந்தது. கபூர் குலாம் 1942இல் எழுதிய கவிதையின் தலைப்பே படத்தின் தலைப்பு. குலாம் தாமே சிறுவயதில் பெற்றோரை இழந்தவர். யுத்தகாலத்தில் சுமார் பத்து இலட்சம் பேர் மேற்குப் பகுதிகளிலிருந்து உஸ்பெகிஸ்தானுக்கு இடம்பெயர்ந்து வந்தார்கள். அவர்களில் இரண்டு இலட்சம் பேர் சிறுவர். தாஷ்கந்துக் கொல்லரான ஷாஅஹ்மத் ஷாமஹ்மூதோவும் மனைவி பஹ்ரி அக்ரமோவாவும், ரஷ்யர், யூதர், தாத்தாரியர் என்று பல இனத்துப் பிள்ளைகளை, பதினான்கு பேரென்றும் பதினைந்து பேரென்றும் சொல்லுவர், தம் பிள்ளைகளாக எடுத்து வளர்த்தார்கள். படம் இத்தம்பதியரின் கதையைத் தழுவியது. ரஹ்மத் பைஸி திரைக்கதை எழுதினார். ஆபித் ஜலீலோவும் லுத்பிகானும் ஸரிம்ஸாகோவாவும் பெற்றோராக நடித்தார்கள். கறுப்பு வெள்ளையில் எடுத்த அப்படத்தின் எளிமைக்கு முன்னால் பிற்காலப் படங்கள் பலவும் அலங்காரமாகத் தெரிகின்றன. என் மனதுக்கு மிகப் பிடித்த உஸ்பெக் படம் எதுவென்று கேட்டால் இன்றும் இதையே சொல்வேன்.

இருந்தும் இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தபோது எனக்கொன்று உறைத்தது. முதற்படம் வந்தவர்களின் கதை. இரண்டாவது போனவர்களின் கதை. சோவியத் அரசுக்கு வந்தவர்களின் கதை மிகவும் உவப்பானது. உஸ்பெக்கியரின் விருந்தோம்பலை ‘மக்கள் நட்புறவு’ என்று மொழிபெயர்த்து உலகுக்குக் காட்டலாம். ஷாமஹ்மூதோவ் குடும்பத்துக்கு 1982இல் தாஷ்கந்தில் பெரிய நினைவுச்சின்னம் எழுப்பினார்கள். ஐந்து பிள்ளைகளையும் கொடுத்துவிட்டு, ‘இல்லை, அவர்கள் சாகவில்லை’ என்று அடம்பிடிக்கும் ஒரு தாயை எந்த முழக்கத்துக்குள் அடக்குவது? அந்தக் கிராமத்து இழப்பை இலக்கியம்தான் முதலில் தொட்டது. யுத்தம் தொடங்கிய 1941இல் பிறந்த உத்கிர் ஹாஷிமோவ் 1986இல் ‘இரு கதவுகளுக்கிடையே’ என்ற நாவலை எழுதினார். அதில் பாத்திரங்கள் ஒவ்வொருவரும் தத்தம் வாயாலேயே தத்தம் கதையைச் சொல்கிறார்கள். யாருடைய துயரத்தையும் இன்னொருவர் எடுத்துப் பேசுவதில்லை.

சுதந்திரத்துக்குப் பின்னரான கதையும் நேர்கோட்டில் செல்லவில்லை. 1999இல் இஸ்லாம் கரீமோவின் அரசு மே 9ஆம் திகதியின் ‘வெற்றி நாள்’ என்ற பெயரை நீக்கி, ‘நினைவும் மதிப்பும்’ என்று மாற்றியது. அவ்வாண்டிலேயே தாஷ்கந்தின் மத்தியில் துயருறும் தாயின் சிலை வைக்கப்பட்டது. அருகே உலோகத் தகடுகளில் மரணித்தோரின் பெயர்கள். வெற்றியை நீக்கித் தாயை வைத்தது எனக்குச் சரியாகவே படுகிறது. ஆனால் அதே அரசு 2008இல் ஷாமஹ்மூதோவ் நினைவுச்சின்னத்தைப் பெயர்த்து நகரின் ஓரத்துக்குக் கொண்டுபோனது. அநாதைகளுக்கு வீடு கொடுத்தவர் தம் சிலைக்கே இடமற்றவரானார். ஷவ்கத் மிர்ஸியோயேவ் ஜனாதிபதியான பின்னர், ஏறக்குறைய பத்தாண்டு கழித்து, அது பழைய இடத்துக்குத் திரும்பியது. 2020 மே 9ஆம் திகதி தாஷ்கந்தில் வெற்றிப் பூங்கா திறக்கப்பட்டது. அதில் ‘மன உறுதியின் கீதம்’ என்ற நினைவுச்சின்னம் ஸுல்பியா ஸாகிரோவாவின் குடும்பத்துக்கானது. படமும் அதே ஆண்டில்தான் வந்தது. ஆக, அரசு ஒரு தாயைத் தேடிய காலத்தில் கண்டெடுக்கப்பட்ட தாய் இவள்.

என் மனக்குறை இதுதான். அவளுக்கு மரியாதை கிடைத்ததில் மகிழ்ச்சியே. ஆனால் ‘மன உறுதி’ என்ற பட்டம் அவளுக்குப் பொருந்துமா என்று தெரியவில்லை. தாய்நாட்டுக்கு ஐவரை ஈந்தவள் என்று உரைகளில் சொல்கிறார்கள். அவள் ஈந்தாளா, அவளிடமிருந்து எடுத்தார்களா? படம் தனக்கு ‘உறுதி’ என்றோ ‘தியாகம்’ என்றோ பெயர் வைக்காமல் ‘இல்ஹாக்’ என்று வைத்துக்கொண்டதே அதன் நேர்மை. தியாகம் முடிந்த காரியம். காத்திருப்பு முடியவில்லை, மருமக்களும் பேரப்பிள்ளைகளும் அதற்குள்தான் வாழவேண்டியிருந்தது.

கடைசியாக ஒரு செய்தி. 1941 இலையுதிர்காலத்தில் ஜேர்மனியர், சிறைப்பிடித்த செஞ்சேனை வீரர் 101 பேரை நெதர்லாந்தின் அமர்ஸ்போர்ட் முகாமுக்குக் கொண்டுசென்றார்கள். அவர்களில் பெரும்பாலானோர் ஸமர்கந்துப் பகுதி உஸ்பெக்கியர். கந்தலும் பசியுமாக நிற்கும் ஆசிய முகங்களைக் காட்டி, நீங்கள் ஆதரிக்கும் செஞ்சேனையின் லட்சணம் இதுதான் என்று டச்சு மக்களை ஏளனம் செய்வது நோக்கம். ஆனால் கைதிகளைக் கண்ட டச்சுக்காரர் இரக்கப்பட்டார்களே தவிர ஏளனம் செய்யவில்லை. 24 பேர் அந்தப் பனிக்காலத்தில் பசியாலும் நோயாலும் முகாமிலேயே மடிந்தார்கள். எஞ்சிய 77 பேரும் 1942 ஏப்ரல் 9ஆம் திகதி அதிகாலை அருகிலிருந்த காட்டில் சுடப்பட்டார்கள். பெயர்ப் பதிவுகள் அழிந்துபோயின. லூஸ்டன் என்ற இடத்திலுள்ள சோவியத் போர்வீரர் மையவாடியில் அவர்களுக்குக் கல் உண்டு, கல்லில் பெயரில்லை. ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் 9ஆம் திகதி விடியற்காலையில் அவர்கள் சுடப்பட்ட இடத்தில் டச்சு மக்கள் கூடி மெழுகுவர்த்தி ஏற்றுகிறார்கள்.

ஸமர்கந்தில் அவர்களின் வீடுகளுக்குக் கறுப்புக் கடிதம் போயிருக்க வழியில்லை. யாருடைய ரொட்டி எந்தச் சுவரில் எத்தனை வருடம் தொங்கியதோ.